சாம்பிள் ஒருவர், பேட்டி முப்பத்தொன்று

உலகமயமாக்கலால் பாதிக்கப்பட்டவர்கள் பெங்களூரில் மொத்தம் எத்தனை பேர் என்று எனக்குத் தெரியாது. ஆனால் அவர்களில் முப்பத்தொரு பேர் ஒரே சட்டையைப் போட்டுக்கொண்டு, எங்கள் கல்லூரி வாசலுக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருந்தார்கள். முப்பத்தொரு பேருக்கும் சேர்த்து ஒரே பெயர்தான். சாம்பிள்.

'தொழில்நுட்பம், உலகமயமாக்கல், பண்பாடு' என்று மூச்சு வாங்க வைக்கும் பெயரில் ஒரு பாடம் உண்டு. அதை நடத்திய கௌரவ விரிவுரையாளர் நான். பதவியில்தான் கௌரவம். மற்றபடி, ஒவ்வொரு ஜூன் மாதமும் அடுத்த வருடம் வேலை உண்டா இல்லையா என்று துறைத் தலைவர் அறை வாசலில் கையைப் பிசைந்துகொண்டு நிற்க வேண்டும்.

பாடத்தின் உயிரே களப்பணிதான். ஒவ்வொரு மாணவரும் வெளியே போய், உலகமயமாக்கல் புரட்டிப்போட்ட ஒரு மனிதரைப் பிடித்துப் பேட்டி எடுத்து அறிக்கை எழுத வேண்டும். நாற்பது மதிப்பெண். ஒருவன் சிவாஜிநகர் துணிக்கடைகளில் அலைவான், ஒருத்தி மர்பி டவுனில் வீடு வீடாக ஏறி இறங்குவாள், ஊரே என் வகுப்பறைக்குள் வந்து உட்காரும் என்றெல்லாம் கனவு கண்டேன். என் செல்வங்கள் ரோட்டைக் கடந்தார்கள். அதோடு சரி.

எனக்கு எப்படித் தெரியாமல் போயிற்று என்று கேட்பீர்கள். என் வாயால் நானே கெட்டேன். 'பேட்டி கொடுப்பவரின் அந்தரங்கம் முக்கியம், பெயரையும் அடையாளத்தையும் மாற்றிவிட வேண்டும்' என்று முதல் வகுப்பிலேயே அரை மணி நேரம் தொண்டை கிழியப் பேசியவள் நான். பிள்ளைகள் அந்த ஒன்றை மட்டும் தலைமேல் வைத்துக்கொண்டு கடைப்பிடித்தார்கள். சீனத் துணியால் நொடித்துப்போன வியாபாரி அன்வர், ஆப் வந்ததால் சவாரி போன ஆட்டோக்காரர் முனியப்பா, கண்ணாடிக் கட்டடத்துக்குக் காவல் நிற்கும் முன்னாள் விவசாயி கோவிந்தன். படிக்கப் படிக்க எனக்குக் கண்ணீர் வந்தது. முப்பத்தைந்து, முப்பத்தாறு என்று வாரி வழங்கினேன்.

அந்த செமஸ்டர் நடுவில்தான் ஜெராக்ஸ்காரரைப் பிள்ளைகள் 'சாம்பிள் அண்ணா' என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். கடை முகப்பில் பைண்டிங் அட்டை மாதிரிகளைத் தொங்கவிட்டிருக்கிறாரே, அதனால்தான் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். ஆய்வில் பேட்டிக்குப் பிடிக்கும் ஆளுக்கும் 'சாம்பிள்' என்றுதான் பெயர். படித்த படிப்பெல்லாம் அவ்வளவுதான் வேலை செய்தது.

மனிதருக்கு ஐம்பது வயது இருக்கும். கோலார் தங்கவயலிலிருந்து தினமும் காலை ரயிலில் வருவார். ஒரு நாள் நான் ஜெராக்ஸ் எடுக்கப் போனபோது, "மேடம், 'எதிர்ப்பு'ன்னு ஒரு யூனிட் கீதே, அத எப்போ நடத்துவீங்க? பசங்க வெயிட் பண்ணிக்கினு கீறாங்க" என்றார். என் பாடத்திட்டத்தின் மேல் ஒரு கடைக்காரருக்கு இவ்வளவு ஆர்வமா என்று பூரித்துப்போய் வீட்டுக்கு வந்தேன்.

குட்டு உடைந்ததும் என்னால்தான். 'உடல்மொழியையும் பதிவு செய்யுங்கள்' என்று சொல்லியிருந்தேன். செய்திருந்தார்கள். துணி வியாபாரி அன்வர், ஒப்புதல் படிவத்தை வாங்கியதும் அதன்மேல் 'ஃபூ' என்று ஒருமுறை ஊதிவிட்டுக் கையெழுத்துப் போட்டார். ஆட்டோ முனியப்பாவும் ஊதினார். கோவிந்தனும் ஊதினார். ஊதிவிட்டு மூவரும் "ஆச்சா?" என்று கேட்டார்கள். அறிக்கைகளை எடுத்துப் பரப்பினேன். முப்பத்தொரு பேரும் ஊதியிருந்தார்கள்.

நான் கடைக்குப் போனபோது சாம்பிள் ஒரு தாளை மெஷினில் வைக்கப் போனார். வைப்பதற்கு முன் அதன்மேல் ஊதினார்.

"நீங்க துணி வியாபாரியா?" என்றேன்.

"எந்தப் புள்ளைக்கு மேடம்?"

"எந்தப் புள்ளைக்கா? ஆட்டோ ஓட்டினீங்களா, இல்லையா?"

"அது ரோல் நம்பர் பதினேழு. இருங்க, சொல்றேன்." மேசைக்கு அடியிலிருந்து ஒரு நோட்டை எடுத்தார். யாருக்கு என்ன சொன்னார் என்று ரோல் நம்பர் வரிசையில் எழுதி வைத்திருந்தார். "ஒருத்தருக்குச் சொன்னத இன்னொருத்தருக்குச் சொல்ல மாட்டேன் மேடம். காப்பி அடிச்ச மாதிரி ஆயிடும். தப்பில்லையா?"

ஜெராக்ஸ் கடைக்குள் நின்றுகொண்டு இதைச் சொல்கிறார்.

"பசங்ககிட்ட ஏதாவது வாங்கினீங்களா?"

"சேச்சே! பாவம் மேடம் புள்ளைங்க. சிவாஜிநகர்ல போயி கறிக்கடைக்காரர்கிட்ட 'உலகமயமாக்கல் பத்தி இன்னா நெனைக்கிறீங்க'ன்னு ஒருத்தன் கேட்டுக்கீறான். அவரு கத்திய கீழ வெக்காமயே பதில் சொல்லிக்கீறாரு. ஓடியாந்துட்டான்."

"அதுக்கு? நான் எப்படி இத்தனையும் நம்பினேன்?"

"நீங்க செவப்பு இங்க்ல ஓரத்துல எழுதறது எல்லாம் பைண்டிங்குக்கு நம்ம கடைக்குத்தானே வருது? 'சிக்கல் போதாது'ன்னு ஒரு பையனுக்கு எழுதுனீங்க. அடுத்த பையனுக்கு சிக்கல ஏத்திக் குடுத்தேன். 'ஒருதலைப்பட்சம்'னு எழுதுனீங்க. அதுக்கப்புறம் எல்லார் கதையிலயும் கடைசி பக்கத்துல 'ஆனாலும்'னு ஒண்ணு வெச்சேன். 'ஆனாலும் என் பொண்ணு இப்போ கம்ப்யூட்டர் படிக்கிறா.' அதுக்கு ரெண்டு மார்க்கு கூடப் போடுவீங்க."

போட்டிருந்தேன். எனக்கு வந்த கோபத்தில் அந்த மெஷினைத் தூக்கி அவர் தலையில் போட்டிருப்பேன். தூக்கத்தான் முடியாது.

போதாத காலம் தனியாக வராது. அன்று மத்தியானமே வெளித் தேர்வாளரிடமிருந்து மின்னஞ்சல். அறிக்கைகளின் பிரதிகளை முந்தின வாரமே அவருக்கு அனுப்பியிருந்தேன். 'மிகச் சிறப்பு. அன்வர், முனியப்பா, கோவிந்தன் மூவரையும் நாளை நேரில் சந்திக்க விரும்புகிறேன்.' அவர் ஒரு வரி எதிர்த்து எழுதினால் பாடமும் போச்சு, என் வேலையும் போச்சு.

சாம்பிளிடம் போனைக் காட்டினேன். கவனமாகப் படித்தார்.

"எங்கிட்ட மூணு சட்டை கீது மேடம். முனியப்பாவுக்கு மட்டும் காக்கி வேணும், அத ஆட்டோ ஸ்டாண்டுல வாங்கிக்கலாம்."

"நீங்க அந்தப் பக்கமே தலைகாட்டக் கூடாது!" என்று கத்தினேன்.

மறுநாள் தேர்வாளர் வந்தார். தர்மபுரிக்காரர், சிரிக்கத் தெரியாத முகம். உண்மையைச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்து, சொல்ல வாயைத் திறந்தேன். கதவு திறந்தது. சாம்பிள். ஒரே சட்டைதான். இஸ்திரி போட்டிருந்தார்.

"ஐயா, துணிக்காரரு, ஆட்டோக்காரரு, செக்யூரிட்டி, மூணு பேரும் வந்தாச்சு."

"எங்கே?" என்றார் தேர்வாளர்.

"நான்தாங்க. பாக்கி இருபத்தெட்டும் நான்தான். மேடத்துக்கு ஒண்ணும் தெரியாது. நேத்துதான் கண்டுபுடிச்சாங்க. கத்துனாங்க பாருங்க, பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கேட்டுருக்கும்."

தேர்வாளர் என்னைப் பார்த்தார். நான் மேசையைப் பார்த்தேன்.

"முப்பத்தொண்ணுல ஒண்ணாவது நிஜமாய்யா?" என்றார் அவர்.

"இல்லீங்க. நெசம் முப்பத்தியிரண்டாவது. அது மொதல்ல வந்துச்சு. மேடம் திருப்பி அனுப்பிட்டாங்க."

பையிலிருந்து கசங்கிய தாள்களை எடுத்து வைத்தார். ரிச்சர்ட்ஸ் டவுன் கிரேஸ், வகுப்பிலேயே முதல் ஆளாகக் கொடுத்த வரைவு. நாற்பதுக்குப் பதினொன்று. கீழே என் கையெழுத்தில் சிவப்பாக: 'மிகை. நம்பும்படி இல்லை. களத்துக்குப் போய் உண்மையான மனிதரைச் சந்திக்கவும்.'

"அந்தப் பொண்ணு அழுதுக்கினே வந்து என் கடை குப்பைக்கூடையில போட்டுட்டுப் போச்சு. நெசத்தச் சொன்னா பதினொண்ணு. அதனாலதான் மேடத்துக்குப் புடிச்ச மாதிரி சொல்ல ஆரம்பிச்சேன்."

தேர்வாளர் அந்த வரைவைச் சத்தமாக வாசித்தார். சுரங்கத்தை மூடிய பிறகு வேலை தேடி பெங்களூர் வந்த ஒருவர். வெளிநாட்டு நூலகங்கள் பெட்டி பெட்டியாக அனுப்பும் பழைய தாள்களை ஸ்கேன் செய்யும் கம்பெனியில் வேலை. தூசியை ஊத வேண்டும், வைக்க வேண்டும், திருப்ப வேண்டும். ஒரு நாள் லண்டனிலிருந்து வந்த பெட்டியில் தங்கவயல் சுரங்கத்தின் கூலிப் பதிவேடு. திருப்பிய பக்கத்தில் அவருடைய தாத்தாவின் பெயர், ஊர், பக்கத்தில் கட்டைவிரல் ரேகை.

"அப்புறம் என்ன பண்ணீங்க?" என்றார் தேர்வாளர். குரல் இறங்கியிருந்தது.

"ஒரு மணிக்கு இத்தினி பக்கம்னு டார்கெட்டுங்க. பின்னாலயே சூப்பர்வைசர் நிப்பாரு. ஊதுனேன், வெச்சேன், திருப்பிட்டேன். ஒரு காப்பி எடுத்துக்கணும்னு கூடத் தோணல. அப்புறம் தேடுனா பெட்டி போயிருச்சு."

கோலாரில் தாத்தா, லண்டனில் பதிவேடு, பெங்களூரில் பேரன். என் பாடத்தின் மூன்று சொற்களும் ஒரே தாளில் இருந்திருக்கின்றன. நான் பதினொன்று போட்டிருக்கிறேன். வெட்கமாக இருந்தது. அந்த மனிதர்மேல் இருந்த எரிச்சல் மட்டும் அப்போதும் குறையவில்லை, ஏனென்றால் அவர் தேர்வாளரிடம், "மேடம் நல்லவங்கதாங்க. கொஞ்சம் 'ஆனாலும்' பைத்தியம்" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

முப்பத்தொரு பேரும் மறுபடி களத்துக்குப் போக வேண்டும், எனக்குக் கடும் எச்சரிக்கை, பாடம் இன்னும் ஒரு வருடம் நடக்கலாம். தேர்வாளர் இப்படி எழுதிவிட்டுப் போனார். கறிக்கடைக்காரர் கடைசியில் கத்தியைக் கீழே வைத்துப் பேசினார் என்று கேள்வி. முப்பது பேர் போனார்கள். கிரேஸ் மட்டும் போகத் தேவையில்லை என்று நான்தான் சண்டை போட்டு வாங்கினேன்.

தேர்வாளர் வந்துபோன அன்று சாயங்காலமே கிரேஸுடைய வரைவை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். 'நம்பும்படி இல்லை' என்பதை அடித்துவிட்டு, அவர் எதிரிலேயே முப்பத்தொன்பது போட்டேன்.

"ஒண்ணு ஏன் கொறச்சீங்க?"

"கடைசியில 'ஆனாலும்' இல்லையே."

முதல் தடவையாக அவர் வாய்விட்டுச் சிரித்தார். சிவப்பு மை காய்வதற்காக மெதுவாக ஊதினார். பைண்ட் செய்தார். இன்னொரு பிரதி எடுத்துத் தன் நோட்டுக்குள் வைத்துக்கொண்டார். "ஆச்சா?" என்றார்.

ஆச்சு. பதினைந்து வருடமாக இந்தப் பத்திரிகையில் எழுதுகிறேன். நான் ஓரத்தில் கிறுக்கியதைக்கூட வரி விடாமல் அவரைப்போல வாசித்தவர் ஒருவரும் இல்லை. வாராவாரம் இந்தப் பக்கத்தைப் புரட்டும் நீங்களும் கோபித்துக்கொள்ளாதீர்கள்.