குதிரைச் சாமியின் நாலாவது மூவ்

மரக்காணத்தில் உப்பு விலை ஏறியதோ இல்லையோ, குதிரைச் சாமியின் மவுசு ஏறிக்கொண்டே போனது. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் அவர் போட்ட தகரக் கொட்டகையில் ஞாயிறுதோறும் கூட்டம் முண்டியடித்தது. கிளியனூரிலிருந்துகூட வேன் பிடித்து வந்தார்கள், பிள்ளையும் செஸ் போர்டும் எலுமிச்சம்பழமுமாக.

சாமியின் பெயர் கலியபெருமாள். போன வருஷம்வரை செல்போனுக்குக் கண்ணாடி ஒட்டிக்கொண்டிருந்தார். கனவில் அய்யனார் வந்து செஸ் சொல்லிக்கொடுத்தாராம். சாட்சி வேண்டுமென்றால் அய்யனாரைத்தான் கேட்க வேண்டும்.

"அய்யனாருக்கு மண்குதிரை நேர்ந்து உடுறோமில்ல? போர்டுலயும் ஒரு குதிரைய உடுங்க. நாலாவது மூவ்ல எதிராளியோட நடுச் சிப்பாய வெட்டிட்டு அங்கயே நிக்கட்டும். அதும்மேல அய்யனார் ஏறிக்குவாரு. மீதி ஆட்டம் அவரு ஆட்டம்!"

மந்திரித்துத் தர ஐந்நூறு ரூபாய். குதிரையை நாமே கொண்டுபோக வேண்டும். ஆனால் ஒன்று, கொட்டகையில் குதிரை விட்ட பிள்ளை ஒன்றுகூடத் தோற்றதில்லை. இதற்குமேல் என்ன அத்தாட்சி வேண்டும்?

உப்பளத்தில் உப்பு வாரும் வேலம்மாளுக்கும் அதுவே போதுமாக இருந்தது. மகள் அஸ்வினி எட்டாவது படிக்கிறாள். சனிக்கிழமை விழுப்புரத்தில் மாவட்டப் போட்டி. ஜெயித்தால் சென்னையில் விளையாட்டு விடுதி; படிப்பு, சாப்பாடு எல்லாம் இலவசம். தோற்றால் நாளைக்கு அவளும் இதே உப்பளத்தில் கால் வெடித்து நிற்க வேண்டியதுதான். அந்தப் பயத்தில் மகளை இழுத்துக்கொண்டு வந்துவிட்டாள்.

வரிசையில் நின்றபடி ஓர் ஆட்டத்தைப் பார்த்தாள். குதிரை போய் நின்றது. எதிரே இருந்த பையன் அதை வெட்டக் கை நீட்டினான். சட்டென்று இழுத்துக்கொண்டான்.

"அவன் ஏன்டி வெட்டல?"

"நேர்ந்து உட்ட குதிரைய வெட்டுனா குடும்பம் வெளங்காதாம். சாமி சொல்லியிருக்காரு. வெட்டுனா ஒண்ணுமில்லம்மா, சும்மா ஒரு குதிரை லாபம்."

வேலம்மாளுக்கு செஸ் தெரியாது. ஆனால் வெயிலில் வேலை செய்தாலும் மூளை உருகிப் போகவில்லை.

"சாமி, ஒரு சந்தேகங்க. வெட்டக்கூடாதுன்னு இங்க இருக்கற புள்ளைங்களுக்குத் தெரியும். விழுப்புரத்துல வர்ற புள்ளைங்களுக்கு யாரு சொல்றது?"

சாமி சிரித்தார். "அய்யனாரு அதுங்க கண்ண கட்டிடுவாரும்மா."

"அப்ப இங்கயே கட்டட்டுங்க. நீங்க குதிரைய உடுங்க, எம்பொண்ணு வெட்டுவா. வெளங்காமப் போனா எங்க குடும்பந்தான போவுது?"

சொல்லிவிட்டு மகளைப் போர்டுக்கு முன்னால் உட்காரவைத்தாள். இத்தனை பேர் எதிரில் சாமியால் மறுக்க முடியுமா? உட்கார்ந்தார். நாலாவது மூவில் குதிரை சிப்பாயை வெட்டிக்கொண்டு போய் நின்றது. அஸ்வினி தன் குதிரையால் அதை வெட்டி, எடுத்து ஓரமாக வைத்தாள்.

வேலம்மாள் கண்ணை மூடிக்கொண்டாள். கொட்டகைத் தகரம் விழவில்லை. யாரும் ரத்தம் கக்கவில்லை. சாமி சிப்பாய்களைத் தள்ளித் தள்ளி அஸ்வினியின் குதிரையைத் துரத்தினார். அது நிதானமாக ஒதுங்கிக்கொண்டது. சிப்பாய்கள் முன்னால் போய்விட, சாமியின் ராஜா காவலில்லாமல் நின்றது. அய்யனார் வருகிற வழியாகத் தெரியவில்லை.

"செக்மேட், சாமி."

"இன்னிக்கு அஷ்டமி. அதான்..."

"காத்தால நல்ல நாளுன்னு சொல்லித்தான காசு வாங்குன?" என்று கத்தினார் வேன் டிரைவர் சவரிமுத்து. "டேய், எல்லாரும் வெட்டுங்கடா!"

போர்டுக்குப் போர்டு நேர்ந்துவிட்ட குதிரைகள் விழுந்தன. குதிரை விட்ட பிள்ளைகள் முதன்முறையாகத் தோற்றார்கள். பெற்றோர் பணத்தைக் கேட்டுச் சாமியைச் சூழ்ந்துகொண்டார்கள்.

சனிக்கிழமை அஸ்வினி ஒரு குதிரையையும் தானம் கொடுக்காமல் ஆடினாள். விடுதியில் இடமும் கிடைத்தது. வேலம்மாள் அன்று வாய்விட்டு அழுதாள்.

மறுநாள் விடியும்போது வாசலில் நாலு பேர், கையில் குதிரையும் எலுமிச்சம்பழமுமாக.

"ராசியான கையி. பாப்பாவ ஒரு தரம் தொட்டுக் குடுக்கச் சொல்லும்மா!"

வேலம்மாள் தலையில் அடித்துக்கொண்டாள்.

"ஆட வர்றதா இருந்தா வந்து எதிர்ல உக்காருங்க. பழம் வேணாம், காசு வேணாம். தலைய மட்டும் மறக்காம எடுத்துட்டு வாங்க!"