டிக்கியில் படுத்துக் கேட்ட சத்தம்

என் சிவப்பு வண்டியின் ஸ்டியரிங்கை என் மனைவி முப்பிடாதி இந்த ஜென்மத்தில் தொடமாட்டாள். இப்படி ஒரு சபதம் எடுத்திருந்தேன். அவள் காதில் விழாத தூரத்தில் நின்றுதான் எடுத்தேன்.

ரெண்டே சீட்டுள்ள பழைய ஸ்போர்ட்ஸ் கார் அது. குற்றாலத்தில் நான் ராத்திரி மேனேஜராக இருக்கும் லாட்ஜின் முதலாளி மகன் வாங்கியது. அவன் கனடா போன பிறகு ரெண்டு சீசன் சாரலில் நனைந்து, உள்ளே எலி குட்டி போட்டுக் கிடந்தது. ஓட வைத்தால் நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் அண்ணாச்சி என்று போனில் சொல்லிவிட்டான்.

பதினெட்டு வருஷமாக அடுத்தவன் குறட்டைக்குக் காவல் இருக்கிறவன் நான். வீடியோ பார்த்துப் பார்த்தே மெக்கானிக் ஆனேன். எந்த வீடியோவிலும் முதல் ரெண்டு நிமிஷத்தைத் தள்ளிவிடுவேன். அதில் வணக்கம் சொல்லிக்கொண்டிருப்பார்கள். விஷயம் தெரிந்தவனுக்கு வணக்கம் எதற்கு? வண்டி ஓடியது. விடிந்ததும் புளியறை வரை தனியாக ஒரு ஓட்டம், அங்கே ஒரு டீ. எனக்கென்று இருந்த சந்தோஷம் அவ்வளவுதான்.

காலையில் வந்து படுத்தால் மதியம் ரெண்டு மணி வரை தூங்குவேன். வண்டியும் தூங்கும். முப்பிடாதிக்கு அதுதான் பொறுக்கவில்லை. ஓட்டக் கற்றுக்கொடுங்கள், அம்மாவை ஐந்தருவிக்குக் கூட்டிப்போய் வருகிறேன் என்று ரெண்டு வருஷமாகக் கேட்டாள். மிக்ஸி சுவிட்சையே மாற்றிப் போடுகிறவளுக்கு கியர் எதற்கு என்று நான் கேட்டேன். அதற்குப் பிறகு அவள் வாய் திறக்கவில்லை. நான் ஜெயித்துவிட்டதாக நினைத்தேன். கல்யாணமானவன் நினைக்கவே கூடாதது அது.

ஆனி பிறந்ததும் சத்தம் ஆரம்பித்தது. பள்ளத்தில் இறங்கினால் 'லொடக்'. வளைவில் திரும்பினால் 'கடகட'. பின்னால் இருந்து வந்தது. சஸ்பென்ஷன்தான் என்று அந்த நொடியே தீர்ப்பு எழுதிவிட்டேன். ரப்பர் புஷ்களை மாற்றினேன். லொடக். ஷாக் அப்சார்பரை மாற்றினேன். லொடக். லிங்க் ராடை மாற்றிய பிறகு சத்தம் முன்னைவிடத் தெளிவாகக் கேட்டது.

வீட்டில் சட்னியும் கெட்டுப்போயிருந்தது. பசை மாதிரி வழவழவென்று இலையில் ஒட்டியது. ஏன் என்று கேட்டேன்.

"மிக்ஸில அரச்சது. எதுத்த வீட்டு நிவேதா பிள்ளைக்குத் தொட்டில் போடுதாவ. பிள்ளையக் கிடத்துறதுக்கு முந்தி குழவியக் கிடத்தணும்லா. நம்ம அம்மிக் குழவியக் கேட்டாவ, குடுத்துட்டேன்."

தொட்டிலுக்குக் கேட்டால் இல்லை என்று சொல்லக் கூடாது. சரிதான். என் மண்டைக்குள் வேறொரு கல் உருண்டுகொண்டிருந்தது.

தென்காசியில் ஒர்க்ஷாப் வைத்திருக்கும் முகம்மது ஆசிக்கிடம், நண்பர் ஒருவருடைய வண்டிக்கு என்று சொல்லி விசாரித்தேன். அவன் நம்பியதாகத் தெரியவில்லை.

"அண்ணாச்சி, முன்னால இருந்து ஓட்டுதவனுக்கு இந்தச் சத்தம் பிடிபடாது. ஒருத்தர் ஓட்டணும், ஒருத்தர் பின்னால இருந்து காது குடுக்கணும். நான் வேணா ஓட்டவா, உங்க நண்பர் வண்டிய?"

வேண்டாம் என்றேன். இவன் ஓட்டினால் நாளைக்குச் சத்தத்தைக் கண்டுபிடித்தது தான்தான் என்று ஊரெல்லாம் சொல்வான். அந்தப் பெயரை விட்டுக்கொடுக்க முடியாது.

வண்டியில் பின் சீட்டு கிடையாது. டிக்கிதான் உண்டு. காது என்னுடையது, ஆகவே டிக்கியில் நான். அப்படியானால் ஓட்டுவது யார்? யோசித்துப் பார்த்தேன். ஊரில் எவனிடமும் போய்ப் பெருமை பேசாத ஒரே ஆள்தான் இருந்தது. சபதத்தை மடித்து வைத்துவிட்டு அடுப்படிக்குப் போனேன்.

"ஏட்டி, கார் ஓட்டப் படிக்கியா?"

"எனக்கெதுக்கு? மிக்ஸி சுவிட்சே மாத்திப் போடுதவ நான்."

"அது சும்மா சொன்னது."

"பயமா இருக்குங்க."

"நான் இருக்கேன்லா."

மூன்று நாள் கெஞ்சினேன். நாலாம் நாள் பெரிய மனசு பண்ணி ஒப்புக்கொண்டாள். எல்.எல்.ஆர். வாங்க வேண்டுமே என்று நான் கவலைப்பட்டபோது, உளுந்து டப்பாவைத் திறந்து அதை எடுத்து நீட்டினாள். போன மாசமே வாங்கினாளாம். சும்மா கிடக்கட்டுமே என்றாள். என்ன ஒரு முன்யோசனை என்று எனக்கு மெய்சிலிர்த்தது.

எந்த டிரைவிங் ஸ்கூலும் அப்படிக் கற்றுக்கொடுத்திருக்காது. தூக்கத்தை விட்டேன். கிளச்சைக் கவிதை மாதிரி விளக்கினேன். ஆடிக்குள் லைசென்ஸே வாங்கிவிட்டாள்.

சுந்தரபாண்டியபுரத்தில் சூரியகாந்தி பூத்திருந்த சமயம். வயல் நடுவே போகும் ரோடு, வேண்டிய அளவுக்குப் பள்ளம். டிக்கி மூடியைப் பாதி திறந்து கயிற்றால் கட்டினேன். உள்ளே ஸ்டெப்னி மேல் கிடந்த பாய் மீது, முழங்காலை மோவாயில் முட்டுக்கொடுத்துச் சுருண்டேன். பூவைப் படம் பிடிக்க வந்த கூட்டம் பூவை விட்டுவிட்டு என்னைப் பிடித்தது. ஒரு பையன் வண்டியை மறித்து, அக்கா என்ன ஷூட்டிங் என்று கேட்டான்.

"ஷூட்டிங்லாம் இல்ல தம்பி. இவுக மெக்கானிக்கு."

வண்டி நகர்ந்தது. லொடக். சரியாக என் முதுகெலும்புக்கு அடியில். இறங்கி, இடுப்பு நிமிராமலே அறிவித்தேன்: ஷாக் அப்சார்பரின் மேல் மவுண்ட். நாளைக்குக் கழற்றிவிடலாம்.

"எப்படித்தான் கண்டுபிடிக்கியளோ" என்றாள் முப்பிடாதி.

மறுநாள் டூட்டி முடிந்து வந்து, காபி குடித்துவிட்டு ஸ்பேனரோடு வாசலுக்குப் போனேன். வண்டி உறுமிக்கொண்டு நின்றது. ஸ்டியரிங்கில் முப்பிடாதி. பக்கத்துச் சீட்டில் என் மாமியார் ஆவுடைத்தாய், தலையில் எண்ணெய், மடியில் ஒரு துண்டு மூட்டை. வாசல் சாக்கடைக் கல்லில் வண்டி ஏறி இறங்கியது. தெருமுனை வேகத்தடையிலும் ஏறி இறங்கியது. லொடக் இல்லை. அதே வேகத்தில் பின்னாலேயே வந்து என் பக்கத்தில் நிறுத்தினாள். ரிவர்ஸ் நான் சொல்லிக்கொடுத்தது.

"சத்தம் எங்கட்டி?"

"நீங்க பாக்குற வீடியோதான் நானும் பாத்தேன். முதல் ரெண்டு நிமிசத்தையும் பாத்தேன்."

"அதுல என்ன சொல்லுதான்?"

"எதையும் கழட்டுறதுக்கு முந்தி டிக்கியக் காலி பண்ணிப் பாருங்க, ஸ்டெப்னிக் குழியில எதாவது உருளும்னு சொல்லுதான்."

மாமியார் மடியிலிருந்த மூட்டையைத் தொட்டில் பிள்ளையைக் கொடுப்பதுபோல் பதமாக என் கையில் கொடுத்தார். நல்ல கனம். துண்டை விலக்கினேன். அம்மிக் குழவி. டயர் வாசம் அடித்தது.

"நல்லாக் கழுவிட்டு, நாங்க குளிச்சுட்டு வாரதுக்குள்ள சட்னி அரச்சு வைங்க. அம்மாவுக்குக் காரம் ஆகாது."