தலைவர் பக்கத்தில் ஒரு கிளிப்பச்சை

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை நான் ஒரு முடிவெடுத்தேன். இந்த வீட்டில் எதுவும் என் இஷ்டப்படி நடப்பதில்லை, சரி. இன்டர்நெட்டாவது நடக்கட்டும்!

கம்ப்யூட்டரைத் திறந்ததும் முதலில் வந்து நிற்குமே, எதையாவது தேடுவதற்கான பக்கம், அது எனக்கு ரொம்பப் பிடித்த பக்கம். நடுவில் ஒரு பெட்டி, அவ்வளவுதான். ஆபீஸில் என் பக்கத்து மேஜைக்காரர் அதே பக்கத்துக்குத் தன் பேரைப் போட்டு, வண்ணம் தீட்டி, ஜோராக வைத்திருந்தார். "சின்ன புரோகிராம் சார். எழுத்தைத் தொட்டா கலர் மாறும்" என்றார். அதைப் பார்த்ததிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை.

ஒரே ஒரு சிக்கல். வீட்டில் எனக்குக் கலர் தெரியாது.

அதாவது, தெரியாது என்று சொல்லி வைத்திருக்கிறேன். நாலு வருஷத்துக்கு முன்னால் என் மனைவி, "ஹாலுக்குப் பெயிண்ட் அடிங்களேன்" என்றாள். நான் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு, "எனக்குப் பச்சையும் நீலமும் ஒண்ணாத்தான்மா தெரியும். பரம்பரைக் கோளாறு" என்று ஒரு போடு போட்டேன். அவள் தையல்காரி. நூற்றுக்கணக்கான நூல்கண்டுகளுக்கு நடுவில் குடித்தனம் நடத்துகிறவள். எனக்கு வாய்த்த புருஷன் இப்படியா என்று உச்சுக்கொட்டினாள். அன்றோடு பெயிண்ட் ஒழிந்தது. திரைச்சீலைக் கடை ஒழிந்தது. துணிக்கு நூல் மேட்ச் பார்க்கக் கடைகடையாக ஏறி இறங்குவதும் ஒழிந்தது. என் ஞாயிற்றுக்கிழமைகள் எனக்கே எனக்கு. பொய் வெளுத்தால் அத்தனையும் போய்விடும்.

ஆகவே ரகசியமாக வேலையை ஆரம்பித்தேன். பக்கத்து அறையில் தையல் மெஷின் ஓடினால் தீட்டுவேன். நின்றால் மூடிவிடுவேன். பின்னணிக்கு முதலில் கத்திரிப்பூ நிறம். பிடிக்கவில்லை. மயில்கழுத்து. அதுவும் சரியில்லை. வெங்காயத்தோல். திரும்பவும் மயில்கழுத்து. எழுந்து நடந்தேன். கதவோரம் நின்று பார்த்தேன். ஒற்றைக் கண்ணை மூடிப் பார்த்தேன். உச்சியில் "வணக்கம் தலைவரே" என்று எழுதி, எழுத்துக்கு ஒரு நிறமாகக் கொடுத்தேன். மாம்பழ மஞ்சள் "வ"வுக்குப் பக்கத்தில் கடைசி "ரே" மட்டும் அடம்பிடித்தது. பதினெட்டு தடவை மாற்றிக் கடைசியில் கிளிப்பச்சை வைத்தேன். அடடா! பக்கமே உயிர்பெற்று எழுந்து உட்கார்ந்தது!

அந்தச் சந்தோஷத்தில் மெஷின் நின்றதைக் கவனிக்கவில்லை.

"என்னங்க இது? யாரு பண்ணது?" முதுகுக்குப் பின்னால் மனைவி. கையில் கத்தரிக்கோல்.

"ஆபீஸ்ல, பக்கத்து மேஜைக்காரர். அங்கேருந்தே மாத்தி விட்டுட்டாரு."

"ஞாயித்துக்கிழமையிலயா?"

"கடமை தவறாத மனுஷன்."

"அழகா இருக்குங்க! என்ன கண்ணு அவருக்கு! அவர் பொண்டாட்டி குடுத்து வச்சவ."

ராப்பகலாக... சரி, காலையிலிருந்து பாடுபட்டது நான், பாராட்டு அவருக்கா?

"அப்படி ஒண்ணும் பெரிய கண்ணு இல்ல..."

"உங்களுக்கு எங்கே தெரியப்போகுது, பாவம்" என்று என் தோளைத் தட்டிவிட்டுப் போய்விட்டாள்.

திங்கட்கிழமை சாயங்காலம் வந்து பார்க்கிறேன், "ரே" இலைப்பச்சையாக இருக்கிறது. புரோகிராம் சதி செய்கிறது என்று நினைத்துத் திரும்பக் கிளிப்பச்சை ஆக்கினேன். செவ்வாய்க்கிழமை அதுவே பாசிப்பச்சை. மாற்றினேன். புதன்கிழமை மறுபடி இலைப்பச்சை. ஆபீஸில் ஒரு கடிதத்தை இரண்டு பேருக்கு அனுப்பி வாங்கிக் கட்டிக்கொண்டேன். வியாழக்கிழமை சாப்பிட உட்கார்ந்தவனுக்குக் கண்ணெல்லாம் கம்ப்யூட்டர் மேல்தான்.

"அந்தப் பக்கத்துல ஏதாச்சும் மாறியிருக்குதாங்க?" என்றாள்.

"எனக்கு எல்லாம் ஒண்ணுதாம்மா."

"அப்புறம் ஏன் தண்ணியைத் தட்டுல ஊத்தறீங்க?"

வெள்ளிக்கிழமை தாங்கினேன். சனிக்கிழமை குளித்துவிட்டுத் துண்டோடு வந்தவன் வாசற்படியிலேயே நின்றுவிட்டேன்.

"யாரு இது? யாரு கிளிப்பச்சையை எடுத்துட்டுப் பாசிப்பச்சையைப் போட்டது? பக்கத்துல மாம்பழ மஞ்சள் இருக்கறப்போ பாசிப்பச்சை ஒட்டுமா? கண்ணு இருக்கறவங்க செய்யற காரியமா?"

தையல் மெஷின் நின்றது.

"நான்தாங்க" என்றாள் மனைவி. "பாசிப்பச்சைக்கும் இலைப்பச்சைக்கும் வித்தியாசம் தெரிய நானே நூல்கண்டை ஜன்னல்கிட்ட கொண்டுபோய்ப் பாக்கணும். நீங்க அங்கேருந்தே சொல்றீங்க. பரம்பரைக் கோளாறு எப்பங்க குணமாச்சு?"

"அது... இப்பத்தான்... குளிக்கறப்போ..."

"பக்கத்து மேஜைக்காரர் வீட்டம்மா என்கிட்டதான் துணி தைக்கக் குடுக்கறாங்க. போன ஞாயித்துக்கிழமை அவங்க ரெண்டு பேரும் கல்யாணத்துக்கு வெளியூர் போயிருந்தாங்க."

கையும் களவுமாகப் பிடிபட்டாயிற்று. இடுப்பில் துண்டு ஒன்றுதான் மிச்சம், அதையும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமை போனால் போகட்டும். மானமாவது மிஞ்ச வேண்டாமா?

"சரி, ஹாலுக்கு நானே பெயிண்ட் அடிக்கறேன். ஆனா ஒரு கண்டிஷன். கலர் நான்தான் சொல்லுவேன்."

"உங்க கண்ணை விட்டா வேற யாரோட கண்ணுங்க இருக்கு? சொல்லுங்க."

அவ்வளவுதான், எனக்குக் கால் தரையில் பாவவில்லை. அப்படியே துண்டோடு சுவர் சுவராக நடந்தேன். இந்தச் சுவர் மயில்கழுத்து. எதிர்ச்சுவர் மாம்பழ மஞ்சள், ஆனால் பழுத்த மாம்பழம், செங்காய் இல்லை. ஜன்னல் பக்கம் வெங்காயத்தோல். நிலைக்கு மேலே மெல்லிசாக ஒரு கோடு, கிளிப்பச்சையில். அரை மணி நேரம் பேசினேன். அவள் கன்னத்தில் கைவைத்துக் கேட்டாள். நாலு வருஷமாக என் திறமையை நானே மூடி வைத்திருந்தேனே!

"எவ்வளவு அழகாச் சொல்றீங்க!" என்றாள். "பரண்ல ரெண்டு பெயிண்ட் டப்பா வாங்கி வச்சிருக்கேன். எறக்கி ஆரம்பிங்க."

ஏணியில் தாவி ஏறினேன். தூசியைத் துடைத்துப் பார்த்தேன்.

ரெண்டும் வெள்ளை.