மூன்று ஞாயிறும் நான் கப்பலோடு ஏன் வரவில்லை

அரியாலை,
யாழ்ப்பாணம்.
செவ்வாய்க்கிழமை, மத்தியானம்.

மதிப்புக்குரிய சம்பந்தி கனகலிங்கம் அவர்கட்கு,

கர்த்தருடைய கிருபையால் நானும் தேவமலரும் சுகமாக இருக்கிறோம். உங்கள் முருகனுடைய கிருபையால் தாங்களும் சம்பந்தி அம்மா கமலாவதியும் மருமகன் செந்தூரனும் எங்கள் மகள் தர்ஷிகாவும் கனடாவில் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறோம். சுகம் என்று எழுதிவிட்டேனே தவிர, தேவமலருக்கு முழங்காலில் நோ, எனக்கு ஒரு மாதமாகத் தலைக்குள் ஒரே குழப்பம். அதைத் தங்களுக்கு விளக்கவே இந்த மின்னஞ்சல். தொலைபேசியில் சொல்லுங்கோவன் என்று தர்ஷிகா சொன்னாள். பிள்ளைகளின் கல்யாணம் முடிந்த இந்த மூன்று வருடத்தில் நாங்கள் இருவரும் ஒரு சொல் கதைத்ததில்லை. முதற் பேச்சே கணினிக் கோளாறு பற்றியதாக இருப்பது மரியாதையாக எனக்குப் படவில்லை.

நடந்தவற்றில் பாதி தாங்கள் அறிந்ததுதான். ஆனாலும் தொடக்கத்திலிருந்து எழுதாவிட்டால் எனக்கே விளங்காது, பொறுத்துக்கொள்ளவும். கல்யாணம் முடிந்த கையோடு தாங்கள் நல்லூரில் அறை எடுத்துத் தங்கியிருந்தீர்கள். நாங்கள் அரியாலையில் நண்டுக் குழம்பு வைத்துவிட்டு, மாப்பிள்ளை வீட்டார் இப்போது வருவார்கள் என்று வாசல் படலையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். தாங்களோ பெண் வீட்டார் வந்து முறைப்படி அழைப்பார்கள் என்று நல்லூரில் உடுப்பு மாற்றிக்கொண்டு இருந்தீர்களாம். இடையில் மூன்று கிலோமீற்றர். மூன்று நாள் இரண்டு பக்கமும் காத்திருந்துவிட்டு, நாலாம் நாள் தாங்கள் விமானம் ஏறிவிட்டீர்கள். இப்போது தர்ஷிகாவுக்குக் கார்த்திகையில் பிள்ளை கிடைக்க இருக்கிறது. நாங்கள் வந்து மூன்று மாதம் தங்கள் வீட்டில்தான் நிற்கவேண்டும். "கதையாத வீட்டுக் குசினியிலை போய் நிண்டு நான் எப்பிடிப் பிள்ளை பெத்தவளுக்குச் சரக்கு அரைக்கிறது?" என்று தேவமலர் சித்திரையிலிருந்து கேட்கிறா.

அப்போதுதான் தர்ஷிகா ஒருநாள் சொன்னாள்: "அப்பா, மாமா அந்தப் பழைய டொஸ் காலத்துக் கப்பல் சண்டை விளையாட்டைத் தனிய இருந்து விளையாடுறார். கம்பியூட்டரோடை விளையாடி அலுத்துப்போச்சாம். நீங்களும் கொழும்பிலை படிப்பிக்கேக்கை உதைத்தானே விளையாடினனீங்கள்?" ஓம், அதேதான். தொண்ணூற்றாறில் எங்கள் பள்ளிக்கூடத்தில் இரண்டு கணினிகளை ஒரு வயரால் தொடுத்து, நானும் இரசாயனம் படிப்பித்த கனிசியஸ் மாஸ்டரும் ஆளுக்கொரு கப்பலோடு நடுவில் உள்ள தீவைச் சுற்றிச் சுற்றிக் குண்டு போட்டோம். தங்கள் பரம்பரை வல்வெட்டித்துறையிலிருந்து கடல் தாண்டிக் கப்பல் ஓட்டியது. நான் முப்பத்தொரு வருடம் திரிகோண கணிதம் படிப்பித்தவன். சரியான சோடி என்று நினைத்தேன். ஞாயிறு தோறும் இங்கு பின்னேரம் ஏழு மணி, தங்களுக்குக் காலை ஒன்பதரை என்று பிள்ளைகள் முடிவு செய்தார்கள்.

முதல் ஞாயிறு. பழைய விளையாட்டைப் புதிய கணினி ஏற்காது என்று எனக்குத் தெரியாது. அதற்கு, புதிய கணினிக்குள் இருந்துகொண்டு பழைய கணினியைப் போல நடிக்கிற ஒரு மென்பொருள் வேண்டுமாம். அதைப் பூட்டி, கப்பலை எடுக்க விசைப்பலகையில் ஒரு கட்டையை அமத்தினேன். விரலை எடுக்க முன்னம் கப்பல் துறையை விட்டு வெளிக்கிட்டு, கடலைக் கடந்து, தீவில் மோதித் தண்ணீருக்குள் தாண்டு போனது. வேகத்தைக் குறைக்க வழி உண்டென்று வாசித்துக் குறைத்தேன். அதன்பிறகு நான் சுட்ட குண்டு ஒன்று அந்தரத்தில் நிற்கிற நேரத்துக்குள் ஒரு கோப்பை தேத்தண்ணீர் குடித்து முடித்தேன். இதற்கிடையில் மவுஸ் அந்தப் பெட்டிக்குள் போனது வெளியே வரவில்லை. எத்தனை தரம் இழுத்தாலும் அம்புக்குறி அதற்குள்ளேயே ஓடித் திரிந்தது. "மவுஸ் உள்ளை போட்டுது, வெளியிலை வருகுதில்லை" என்று நான் சத்தம் போட, குசினியிலிருந்து தேவமலர், "எந்த அறைக்கை?" என்று கேட்டுத் தும்புத்தடியோடு வந்தா. அவவுக்கு விளக்கி முடிக்க எட்டரை ஆகிவிட்டது. கடைசியில் சுவரில் இருந்த பிளக்கைப் பிடுங்கினேன். தாங்கள் ஒரு மணித்தியாலம் இருந்துவிட்டு எழும்பிப் போய்க் கோபத்தில் புல்லு வெட்டினீர்கள் என்று மகள் சொன்னாள்.

இரண்டாம் ஞாயிறுக்கு முன் நான் ஒழுங்காகப் படித்தேன். மவுஸை வெளியே எடுக்க இரண்டு கட்டைகளைச் சேர்த்து அமத்த வேண்டும் என்று கண்டுபிடித்தேன். வலையமைப்பில் விளையாடவென்று ஒரு அமைப்பு இருக்கிறது, அது பிறக்கும்போதே மூடித்தான் பிறக்கிறதாம். அதைத் திறக்கும் இடத்தில் நான் ஆங்கிலத்தில் 'ஆம்' என்று எழுதினேன். ஏற்கவில்லை. பெரிய எழுத்தில் எழுதினேன். ஏற்கவில்லை. அதற்கு 'ஆம்' விளங்காதாம், 'உண்மை' என்று எழுத வேண்டுமாம். இதற்கு இரண்டு நாள். ஞாயிறு ஏழு மணிக்கு நான் வீட்டுக்காரராக, அதாவது மற்றவர் வந்து இணையும் இடமாக, கணினியைத் திறந்துவைத்துவிட்டு, சேட்டும் போட்டுக்கொண்டு தங்களுக்காக இருந்தேன். ஒன்றரை மணித்தியாலம். கடலில் ஒரு கப்பலும் இல்லை. "பாத்தீரே, இந்த முறையும் வரேல்லை" என்று தேவமலரிடம் சொன்னேன். உண்மையை எழுதுகிறேன், அன்று எனக்குச் சரியான கோபம். அந்த நேரம் தர்ஷிகா அழைப்பு எடுத்தாள். "அப்பா, மாமா இஞ்சை ஒன்றரை மணித்தியாலமா உங்களைப் பாத்துக்கொண்டு இருந்தவர். அவரும்தான் திறந்துவைச்சிருந்தவர்." இரண்டு பேரும் வீட்டுக்காரர், விருந்தாளி ஒருவரும் இல்லை. இப்படி ஒரு விளையாட்டு உலகத்தில் நடந்திருக்குமோ தெரியாது.

மூன்றாம் ஞாயிறு நடந்ததற்குத்தான் நான் முக்கியமாக மன்னிப்புக் கேட்க வேண்டும். நான் தங்களிலும் எட்டு மாதம் மூப்பு என்பதால் தாங்கள் என் இடத்துக்கு வருவது என்று பிள்ளைகள் பேசி முடித்தார்கள். என் கணினியின் விலாசத்தை அனுப்பச் சொன்னீர்கள். கணினி காட்டிய எண்களை, புள்ளி ஒன்றும் தவறாமல், மகள் மூலம் அனுப்பினேன். அந்த எண்கள் தங்கள் வீட்டுப் பிரிண்டரின் விலாசம் என்று எனக்கு எப்படித் தெரியும்? "பிரிண்டரோடை சண்டை பிடிக்கச் சொல்லி விட்டிருக்கிறார் மனுசன்" என்று தாங்கள் மேசையை விட்டு எழும்பினீர்களாம். சம்பந்தி, சத்தியமாக நான் நையாண்டி செய்யவில்லை. அரியாலையில் இருக்கும் என் கணினியும் ஒன்ராறியோவில் இருக்கும் தங்கள் பிரிண்டரும் ஒரே விலாசத்தில் எப்படிக் குடியிருக்கின்றன என்று அன்று முழுக்க யோசித்தேன். யோசிக்க யோசிக்கக் கூடக் குழம்பியது.

திங்கட்கிழமை, நல்லூர் ரியூசன் சென்ரரில் உயர்தர வகுப்புக்குக் கணினி படிப்பிக்கிற தக்சாயினி ரீச்சரைக் கூப்பிட்டேன். ஐம்பது வயது மனிசி, ஒரு காலத்தில் என்னிடம் கணக்குப் படித்தவ. ஸ்கூட்டரில் வந்து கால்மணித்தியாலம் எல்லாவற்றையும் பார்த்துவிட்டுச் சொன்னா:

"மாஸ்டர், நீங்கள் அனுப்பினது வீட்டுக்குள்ளை கூப்பிடுற பேர் மாதிரி. எல்லா வீட்டிலையும் குட்டி எண்டு ஒராள் இருக்குமெல்லே, அப்பிடி. வெளியாலை அது செல்லாது."

"அப்ப என்ரை வெளி விலாசம் எது?"

"உங்களுக்கெண்டு தனிய ஒண்டு இல்லை. இணைப்புத் தாறவை ஒரு விலாசத்தைக் கன வீடுகளுக்குச் சேர்த்துக் குடுத்திருக்கினம். வெளியாலை இருந்து ஒராள் வந்து தட்டினால், எந்த வீட்டுக் கதவெண்டு தெரியாமல் அப்பிடியே திரும்பிப் போகும்."

"நான் போய் அவையின்ரை கதவைத் தட்டினால்?"

"அது திறக்கும். அவையளுக்குத் தனி விலாசம் இருக்காம், நான் தர்ஷிகாவிட்டைக் கேட்டனான். நீங்கள் வெளிக்கிட்டுப் போகலாம் மாஸ்டர். உங்களிட்டை ஒருத்தரும் வரேலாது."

அவ சாதாரணமாகத்தான் சொன்னா. ஆனால் நான் தேத்தண்ணீரைப் பாதியில் வைத்துவிட்டேன். தேவமலர் முருங்கைக்காய் வெட்டிக்கொண்டு, தலையை நிமிர்த்தாமல், "அப்ப போங்கோவன்" என்றா. நான் பெண்ணைப் பெற்றவன், வயதிலும் மூத்தவன், கல்யாண வீட்டில் என் பக்கம் ஒரு பிழையும் இல்லை என்று மூன்று வருடமாக ஊர் முழுக்கச் சொல்லித் திரிந்தவன். வியாழக்கிழமை வரைக்கும் நான் கணினி இருக்கிற அறைக்குள் போகவில்லை. வெள்ளிக்கிழமை மகளிடம் தங்கள் விலாசத்தைக் கேட்டு வாங்கினேன்.

நாலாம் ஞாயிறு, அதாவது முந்தாநாள், சரியாக ஏழு மணிக்கு அந்த எண்களை அடித்தேன். 'இணைந்தது' என்று வந்தது. கடல் வந்தது. தீவுக்குப் பின்னால் இருந்து தங்கள் கப்பல் மெல்ல வெளியே வந்தது. நான் கட்டை மாறி அமத்த, முதற் குண்டு என் துறைமுகத்திலேயே விழுந்தது. தாங்கள் திருப்பிச் சுடவில்லை. கீழே செய்தி எழுதும் வரியில் ஆங்கில எழுத்தில், "வாங்கோ" என்று வந்தது. நான் எழுத்து எழுத்தாகத் தேடி அடித்தேன்: "முந்தியே வந்திருக்க வேணும். அண்டைக்கு நல்லூருக்கு வராதது என்ரை பிழை." பிறகு வந்தது: "பிழை ரண்டு பக்கமும். சாப்பிட்டியளோ?" நான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுத்தான் அடுத்த குண்டைப் போட்டேன். ஐந்து ஆட்டம், ஐந்திலும் எனக்கே வெற்றி. கப்பலோட்டிய பரம்பரையில் வந்த தாங்கள், தீவு கண்ணுக்கு முன்னால் நிற்க, ஒவ்வொரு முறையும் நேரே போய் அதில் மோதியதை நான் கவனிக்காமல் இல்லை. ஒரு மனிதன் இன்னொரு மனிதனுக்கு இவ்வளவு விட்டுக்கொடுப்பதை நான் இந்த அறுபத்தாறு வயதில் கண்டதில்லை. இப்படிப்பட்டவருடன் மூன்று வருடம் கதையாமல் இருந்தேனே என்று அன்று எனக்கு நித்திரை வரவில்லை.

ஆகவே கார்த்திகையில் நாங்கள் வருகிறோம். தேவமலர் மல்லியும் மிளகும் காயவைக்கத் தொடங்கிவிட்டா. அதற்கு முன் தாங்களும் ஊர்ப்பக்கம் வந்தால், நான் நல்லூருக்கு வந்து அழைத்துப் போவேன், நடந்தேனும் வருவேன். பிள்ளைத்தாய்ச்சியைப் பார்த்துக்கொள்ளவும். கர்த்தரும் தங்கள் குலதெய்வமும் இரு வீட்டையும் ஒன்றாகப் பார்த்துக் காப்பாற்றுவார்களாக.

தங்கள் அன்புள்ள சம்பந்தி,
ந. அருள்நேசன்

பி.கு.: இதை அனுப்பப் போகும் நேரம் படலையில் ஒரு வாடகை வான் வந்து நின்றது. ஒரு பெட்டியோடு தாங்கள் இறங்கினீர்கள். "சொல்லிப்போட்டு வந்தால் நீங்கள் வந்து கூப்பிட வேணும் எண்டு நான் இருந்திடுவன். அதுதான் சொல்லாமல் வந்தனான்" என்றீர்கள். வெள்ளிக்கிழமையே விமானம் ஏறிவிட்டீர்களாம். ஞாயிறு பின்னேரம் தாங்கள் கொழும்பு வெள்ளவத்தையில் மச்சான் வீட்டில் நித்திரையாம். அப்போது முந்தாநாள் என்னுடன் விளையாடியது யார் என்று மகளுக்கு அழைப்பு எடுத்துக் கேட்டேன். அவள் சிரித்து முடிய ஐந்து நிமிடம் சென்றது. சம்பந்தி அம்மாவாம். "அந்த மனுசன் இந்த முறையும் தனிய இருக்கக்கூடாது" என்று தானே போய் இருந்தாவாம். கப்பலைத் திருப்புகிற கட்டை எது என்று கடைசி வரைக்கும் அவவுக்குத் தெரியாதாம். ஆகையால் தங்கள் விட்டுக்கொடுப்பைப் பற்றி மேலே எழுதியதைத் தயவுசெய்து வாசிக்க வேண்டாம். மன்னிப்பையும் தங்களிடம் புதிதாகத்தான் கேட்க வேண்டும், ஆனால் தாங்கள் இப்போது உள்ளே சாப்பிட்டுக்கொண்டிருக்கிறீர்கள், தேவமலர் இரண்டாம் தரம் கறி போடுகிறா, இடையில் போய்க் கேட்பது அழகில்லை. இவ்வளவு எழுதியது வீணாகக்கூடாது என்பதால் கனடாவுக்கே அனுப்புகிறேன், திரும்பிப் போய் வாசிக்கவும்.

இதை எழுதி முடிக்க முன்னம் தாங்கள் கையைக் கழுவிக்கொண்டு வந்து எனக்குப் பக்கத்தில் கதிரையை இழுத்துப் போட்டுவிட்டீர்கள். "சம்பந்தி, ஒரே கம்பியூட்டரிலை ரண்டு பேர் இருந்து விளையாட என்ன செய்ய வேணும்?" என்று கேட்கிறீர்கள். எனக்குத் தெரியவில்லை. தக்சாயினி ரீச்சருக்கு அழைப்பு எடுத்திருக்கிறேன், மணி அடித்துக்கொண்டிருக்கிறது.