கருத்துரையை மனப்பாடம் செய்த உடும்பு

ஒரு காட்டில் கணக்கு எழுதத் தெரிந்த மிருகங்கள் ஏராளமாக இருந்தன. அந்தக் கணக்கு சரிதான் என்று கையெழுத்துப் போடும் உரிமை மட்டும் சில மிருகங்களுக்கே இருந்தது. அந்த உரிமை வேண்டுமானால் காட்டுக் கணக்காளர் கழகம் நடத்தும் ஆடிட்டர் தேர்வில் தேற வேண்டும். ஆறு தாள்கள். ஒவ்வொன்றிலும் நூற்றுக்கு நாற்பது எடுத்தால் தேர்ச்சி. கேட்பதற்குச் சுலபமாகத்தான் இருக்கும். நூறு மிருகங்கள் எழுதினால் ஏழு தேறும்.

இதில் காட்டுக்கு வருத்தம் எதுவும் இல்லை, பெருமைதான். ஆற்றுக்கு அக்கரையில் இருந்த காட்டில் ஒரு வருடம் நூற்றுக்கு இருபது தேறிவிட்டது என்று செய்தி வந்தபோது இக்கரை மிருகங்கள் விழுந்து விழுந்து சிரித்தன. "அது பரீட்சையா, கல்யாணப் பந்தியா? வந்தவனுக்கெல்லாம் இலை போடுறாங்க!" என்றது ஒரு காட்டுப்பன்றி. அந்தக் காட்டுப்பன்றி முதல் தாளிலேயே ஆறு முறை தோற்றிருந்தது.

இந்தக் காட்டில் ஓர் உடும்பு வசித்தது. ஐந்து தாள்களில் அது தேறிவிட்டது. மிச்சம் இருந்தது தணிக்கைத் தாள் ஒன்றுதான். அதை ஒன்பது முறை எழுதியாயிற்று. முப்பத்தெட்டு, முப்பத்தேழு, முப்பத்தொன்பது, மறுபடியும் முப்பத்தொன்பது என்று அதன் மதிப்பெண்கள் நாற்பதின் வாசல்வரை வந்து, செருப்பைக் கழற்றி, பிறகு மாட்டிக்கொண்டு திரும்பிப் போயின. கழகத்தின் விதிப்படி ஒரு தாளைப் பத்து முறைக்கு மேல் எழுத முடியாது. எனவே உடும்புக்கு இன்னும் ஒரே ஒரு முறைதான் பாக்கி.

உடும்பின் அம்மா போன விசேஷங்களில் எல்லாம் ஒரே பேச்சுதான் நடந்தது.

"உங்க பொண்ணு என்ன பண்ணுது?"

"ஆடிட்டருக்குப் படிக்குது."

"இன்னுமா?"

"அது ரொம்பக் கஷ்டமான படிப்பு, மதினி. லேசுல குடுத்துட மாட்டாங்க."

கேட்டவர் மரியாதையாகத் தலையை ஆட்டிவிட்டு மோர் வாங்கப் போய்விடுவார். படித்துக்கொண்டிருக்கும்வரை அந்த மரியாதை உண்டு. பத்தாவது முறையும் தோற்றால், படிக்கிறது என்றும் சொல்ல முடியாது, படித்து முடித்தது என்றும் சொல்ல முடியாது. இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கும் மிருகத்துக்குக் காட்டில் பெயர் கிடையாது.

"இந்தத் தடவையும் போச்சுன்னா பேசாம உங்க மாமா புத்துக்குப் போயிடு. அங்க கறையான் எண்ண ஆள் இல்லையாம்" என்றாள் அம்மா.

"அம்மா, நான் அஞ்சு தாள் பாஸ் பண்ணவ."

"அதனாலதான் எண்ணச் சொல்றேன்."

உடும்பு நேரே மரநாயிடம் போனது. மரநாய், தணிக்கைப் பாடத்துக்குப் பயிற்சி வகுப்பு நடத்தியது. தேறிய ஏழு மிருகங்களின் படமும் அதன் வாசல் பலகையில் இருந்தது. காட்டில் மொத்தம் பதினோரு பயிற்சி வகுப்புகள்; பதினோரு பலகைகளிலும் அதே ஏழு படங்கள்.

"சார், பாடப்புத்தகத்தை ஒன்பது தடவ வரி விடாமப் படிச்சுட்டேன். இன்னும் என்ன படிக்கணும்?"

"பாடத்தை எல்லாரும்தான் படிக்கிறாங்க. நீ தேர்வாளர் மனசைப் படி" என்றது மரநாய்.

"அது எங்க கிடைக்கும், சார்?"

மரநாய்க்கு அடுத்த வகுப்புக்கு நேரமாகிவிட்டது. மேசையில் டீ டம்ளருக்கு அடியில் கிடந்த ஒரு மெல்லிய புத்தகத்தை உருவிக் கொடுத்தது. டம்ளர் வைத்த வட்டம் அட்டையில் பதிந்திருந்தது. அந்த வட்டத்துக்குள், 'தேர்வர்களின் செயல்திறன்: தேர்வாளர்களின் கருத்துரை' என்று அச்சிட்டிருந்தது.

ஒவ்வொரு தேர்வுக்குப் பிறகும் கழகம் இந்தப் புத்தகத்தை வெளியிடும். எந்தக் கேள்வியில் தேர்வர்கள் எப்படிச் சறுக்கினார்கள் என்று அதில் விவரமாக இருக்கும். யாரும் படிப்பதில்லை. தேறியவர்களுக்கு அது தேவைப்படாது. தோற்றவர்களுக்கு மனம் வராது.

உடும்பு படித்தது. "முதல் கேள்வி: பெரும்பாலான தேர்வர்கள் கேள்வியை முழுவதுமாகப் படிக்காமல் விடையளித்துள்ளனர். இரண்டாம் கேள்வி: தேர்வர்களிடம் அடிப்படைக் கருத்துகளில் தெளிவு இல்லை. மூன்றாம் கேள்வி: சில தேர்வர்கள் தமக்குத் தெரிந்த அனைத்தையும் எழுதினர், கேட்டதை எழுதவில்லை."

உடும்புக்குக் கண் கலங்கிவிட்டது. ஒன்பது வருடமாக யாரோ தனக்குக் கடிதம் எழுதிக்கொண்டே இருந்திருக்கிறார்கள், தான்தான் பிரிக்காமல் விட்டிருக்கிறோம் என்று தோன்றியது. அன்றே கழக நூலகத்துக்குப் போய்ப் பத்து வருடக் கருத்துரைகளையும் கட்டித் தூக்கிக்கொண்டு வந்தது. பிடித்தால் விடாத இனம் அது. மூன்று மாதத்தில் பத்தையும் காற்புள்ளி, அரைப்புள்ளி உட்பட மனப்பாடம் செய்துவிட்டது.

கூடப் படித்த சருகுமானுக்குக் கவலையாக இருந்தது. சருகுமான் நான்காவது முறை எழுதவிருந்தது.

"அக்கா, அதுல விடை எதுவும் இல்ல. விடை எழுதினவங்களைத் திட்டியிருக்காங்க, அவ்வளவுதான்."

"திட்டுலதான்டி விஷயமே இருக்கு."

"பத்து வருஷமும் ஒரே திட்டா இருக்கே, அக்கா?"

"பாத்தியா? அப்ப அது எவ்வளவு முக்கியமா இருக்கணும்!"

தேர்வு நாள் வந்தது. கேள்வித்தாளைக் கொடுத்துப் படித்துப் பார்க்கப் பதினைந்து நிமிடம் தந்தார்கள். உடும்பு கேள்வியை முழுவதுமாகப் படித்தது. கருத்துரை சொன்னபடி இரண்டு முறை படித்தது. முதல் கேள்வி இது:

"ஒரு கரடி தன்னிடம் இருபது தேன்கூடுகள் இருப்பதாகக் கணக்குக் காட்டுகிறது. தணிக்கையாளர் எண்ணப் போனபோது தேனீக்கள் எண்ண விடவில்லை. தணிக்கையாளர் தம் அறிக்கையில் என்ன எழுத வேண்டும்?"

உடும்புக்கு விடை தெரியும். ஒன்பது வருடத்தில் இது மாதிரி முப்பது கேள்விகளைப் பார்த்திருக்கிறது. எண்ணிப் பார்க்க முடியவில்லை என்பதை அறிக்கையில் ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும், அவ்வளவுதான். பேனாவை எடுத்தது. எடுத்ததும் இது கடைசி முறை என்ற நினைப்பு வந்தது. அம்மா வந்தாள், மாமா புற்று வந்தது, கறையான்கள் வரிசையாக வந்தன. விடை போய்விட்டது. போன இடத்தில், மூன்று மாதமாக இரவு பகலாக ஏற்றி வைத்தது மட்டும் வெள்ளமாக வந்து நின்றது. உடும்பு எழுதியது:

"பெரும்பாலான தேர்வர்கள் இந்தக் கேள்வியின் மையத்தைப் புரிந்துகொள்ளவில்லை. சிலர் தேனீக்களிடமிருந்து ஒப்புதல் கடிதம் பெற வேண்டும் என எழுதினர். வேறு சிலர் தாமே கரடியாக இருந்தால் என்ன செய்வோம் என்று எழுதினர். பொதுவாகத் தேர்வர்களிடம் நடைமுறை அறிவு குறைவு."

ஒரு முறை ஓட ஆரம்பித்த பேனா நிற்கவில்லை. மற்ற ஐந்து கேள்விகளுக்கும் அதே பாணியில் எழுதி, இரண்டு கூடுதல் தாள் வாங்கி, நூல் போட்டுக் கட்டிக் கொடுத்துவிட்டு வெளியே வந்தது.

வாசலில் சருகுமான் காத்திருந்தது. "தேன்கூட்டுக்கு என்ன எழுதினீங்க, அக்கா?"

உடும்பு ஒப்பித்தது. பாதியிலேயே அதற்கே குரல் இறங்கிவிட்டது.

சருகுமான் கேள்வித்தாளைப் புரட்டியது. "மத்த கேள்விக்கு?"

"அதுக்கும்."

"பதிவெண்ணாவது ஒழுங்கா எழுதினீங்களா?"

"அதை ரெண்டு தடவ சரிபார்த்தேன்" என்று சொல்லி உடும்பு அழுதது.

தணிக்கைத் தாள் திருத்தும் பொறுப்பு காட்டெருமைக்கு. அசைபோட்டுக்கொண்டே திருத்துவது அதன் பழக்கம். ஒரு தாளுக்கு ஒரு வாய் புல். நூறு தாள்களில் அறுபது தாள்கள் தேனீக்களிடம் கடிதம் வாங்கச் சொல்லியிருந்தன. பதின்மூன்று தாள்கள் தேனீக்களையும் தணிக்கை செய்யச் சொல்லின. காட்டெருமை எல்லாவற்றுக்கும் அரை அரையாகப் போட்டுக்கொண்டே வந்து உடும்பின் தாளைத் திறந்தது. அசை நின்றது.

'இதை எங்கேயோ படித்திருக்கிறோமே' என்று யோசித்தது. பிறகு நினைவுக்கு வந்தது. படிக்கவில்லை; தேனீயையும் கரடியையும் எடுத்துவிட்டால், எழுதியதே தான்தான். பத்து வருடத்துக்கு முன் ஒரு முறை எழுதிக் கொடுத்தது. அதற்குப் பிறகு கழக அலுவலகம் வருடத்தை மட்டும் மாற்றி அச்சடித்து வந்தது.

காட்டெருமை அந்தத் தாளோடு கழகத்தின் செயலாளரான மயிலின் அறைக்குப் போனது.

"அம்மா, ஒரு தேர்வர் விடைக்குப் பதிலாக நம்ம கருத்துரையை எழுதியிருக்கு. என்ன மார்க் போடுறது?"

மயில் படித்துப் பார்த்தது. "இதுல தப்பு எங்க இருக்கு? பெரும்பாலானவங்க புரிஞ்சுக்கலைன்னு எழுதியிருக்கு. புரிஞ்சுக்கிட்டாங்களா?"

"இல்ல."

"தேனீகிட்ட கடிதம் வாங்கச் சொன்னாங்கன்னு எழுதியிருக்கு. சொன்னாங்களா?"

"அறுபது பேர் சொன்னாங்க. வேடிக்கை என்னன்னா, மத்தவங்க தாளைப் பாக்காமலே எழுதியிருக்கு."

"நம்ம விடைக்குறிப்பு என்ன சொல்லுது?"

காட்டெருமை கொஞ்சம் தயங்கியது. "'சூழலுக்கு ஏற்ப விளக்க வேண்டும்'னு போட்டிருக்கேன்."

"அதைவிட இது விளக்கமாத்தான் இருக்கு."

"அப்ப நூறு போட்டுடவா?"

மயில் தோகையைச் சுருக்கியது. "ஏழு சதவீதம் ஏற்கெனவே தேறியாச்சு. இதையும் விட்டா ஏழு எட்டாயிடும். எட்டுன்னா அக்கரைக்காரன் சிரிப்பான்."

"பின்ன?"

"முப்பத்தொன்பது போடுங்க. யாரும் சந்தேகப்பட மாட்டாங்க. தாளை மட்டும் எங்கிட்ட குடுத்துட்டுப் போங்க. இந்த வருஷக் கருத்துரை இன்னும் வரலைன்னு அச்சகத்திலேருந்து மூணு தடவ கூப்பிட்டுட்டான்."

முடிவு வந்த அன்று கழகத்தின் இணையதளம் காலையிலிருந்து சுற்றிக்கொண்டே இருந்தது. மத்தியானம் திறந்தது. முப்பத்தொன்பது. உடும்பு போனை அம்மாவிடம் கொடுத்தது. அம்மா பார்த்துவிட்டு, மாமாவுக்குப் போன் பண்ணத் துணி உலர்த்தும் கொடிப் பக்கம் போனாள். அங்கேதான் சிக்னல் நன்றாகக் கிடைக்கும். அவள் எண்ணைத் தேடிக்கொண்டிருக்கும்போதே அந்தப் போனுக்குக் கழகத்திலிருந்து அழைப்பு வந்தது. உடும்பு நாளை காலை பத்து மணிக்கு நேரில் வர வேண்டும்.

காப்பியடித்த குற்றத்துக்கு விசாரணை என்றே உடும்பு நினைத்தது. ஆறு முறை மன்னிப்புக் கடிதம் எழுதிக் கிழித்து, ஏழாவதை எடுத்துக்கொண்டு போனது. மயில் அதை வாங்கிப் படித்தது.

"நல்லா எழுதியிருக்க. ஆனா இது வேணாம். கருத்துரை எழுத எங்களுக்கு ஒரு ஆள் வேணும். நிரந்தர வேலை. மேசை, நாற்காலி, அடையாள அட்டை எல்லாம் உண்டு."

"நான் தேறலையே, அம்மா. தேறினவங்க யாரையாவது வைக்கலாமே?"

"தேறினவங்களைக் கூப்பிட்டுப் பாத்தோம். 'ஏன் எல்லாரும் தோக்குறாங்க?'ன்னு கேட்டா, 'அப்படியா, தோக்குறாங்களா?'ங்கிறாங்க. உனக்கு விஷயம் தெரியும்."

உடும்பு வேலைக் கடிதத்தோடு வீட்டுக்கு வந்தது. அம்மா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"அப்ப நீ பாஸா?"

"இல்லம்மா. பாஸ் பண்ணாதவங்க ஏன் பாஸ் பண்ணலன்னு சொல்ற வேலை."

"இதுக்குச் சம்பளம் வேற தர்றாங்களா? இத்தனை வருஷமா நம்ம சொந்தக்காரங்க சும்மா பண்ணிட்டிருந்தாங்களே!" என்றாள் அம்மா. ஆனாலும் சந்தோஷமாகத்தான் சொன்னாள்.

இரண்டு வாரத்தில் அந்த வருடக் கருத்துரை வெளிவந்தது. புதிதாக வந்தது நம்மவள்தானே, இந்த முறையாவது இரண்டு நல்ல வார்த்தை இருக்கும் என்று எண்ணித் தோற்ற மிருகங்கள் எல்லாம் முதல் முறையாக அதை வாங்கிப் படித்தன. பத்து வருடமாக மாறாத கருத்துரையில் ஒரே ஒரு விஷயம் மாறியிருந்தது. 'பெரும்பாலான தேர்வர்கள்' என்று இருந்த இடங்களில் எல்லாம் 'ஏறக்குறைய எல்லாத் தேர்வர்களும்' என்று இருந்தது.

முப்பத்தாறு மதிப்பெண் வாங்கியிருந்த சருகுமான் நேரே கழக அலுவலகத்துக்குப் போனது. உடும்பு கழுத்தில் அடையாள அட்டையோடு நாற்காலியில் உட்கார்ந்திருந்தது.

"அக்கா, ஏறக்குறைய எல்லாருக்கும் நடைமுறை அறிவு இல்லைன்னு போட்டிருக்கீங்க. இந்தத் தேர்வை நீங்களும்தானே எழுதினீங்க?"

"எழுதினேன். அதான் 'எல்லாரும்'னு போடாம 'ஏறக்குறைய எல்லாரும்'னு போட்டிருக்கேன்" என்றது உடும்பு.

நீதி: தேர்வில் தேறத் தெரியவில்லையே என்று யாரும் வருந்த வேண்டாம், மற்றவர்கள் ஏன் தேறவில்லை என்று எழுதத் தெரிந்தால் போதும், அந்த வேலைக்குத் தேர்வு கிடையாது.