வீங்காத முகத்துக்கு மட்டும்

பிள்ளைகளே, ஒரு விடுகதை. கண் உண்டு, ஆளைத் தெரியாது. வாய் உண்டு, கேட்டதற்குப் பதில் வராது. சட்டைப்பையில் கிடக்கும், பணப்பையைத் திறக்க விடாது. அது என்ன?

வங்கிச் செயலி என்று சொன்னவர்கள் உட்காரலாம். மற்றவர்கள் குழாய்க்காரரோடு கிளம்புங்கள். அவருக்குப் பல்வலி, வழியில் பேச்சுக் கொடுக்க வேண்டாம்.

ஊரில் ஒழுகுகிற குழாயையெல்லாம் அடைத்தவர் அவர். அன்று காலை கடைவாய்ப் பல் ஒன்று அவர் வாயையே அடைத்துவிட்டது. இடது கன்னம் பன் ரொட்டி மாதிரி உப்பியிருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துக்கொள் என்று அவரிடம் சொல்லவும் வழியில்லை. இன்றைக்கே பிடுங்காவிட்டால் சீழ் தாடைக்குள் இறங்கிவிடும் என்றார் பல் டாக்டர். ரொக்கமாகக் கொண்டுவரச் சொன்னார்.

ரொக்கம் வங்கியில் இருந்தது. வங்கி தெருமுனையில் இருந்தது. ஆகவே வேலை சுலபம் என்று நினைத்து, தனக்காகப் பேசுவதற்கு மகளைக் கூட்டிக்கொண்டு போனார்.

வங்கி வாசலில் அவரே நின்றுகொண்டிருந்தார். ஆளுயர அட்டையில், வாய் கொள்ளாத சிரிப்போடு, கட்டைவிரலை உயர்த்திக்கொண்டு. செயலி அறிமுகமான வாரம், கைகழுவும் தொட்டியைச் சரிசெய்ய வந்தவரைப் பிடித்துப் படமெடுத்திருந்தார்கள். ‘தன் முகமே தனக்கு உதவி’ என்று கீழே எழுதியிருந்தது. அந்த வாரமே படிவங்களையும் ஒழித்துவிட்டார்கள். கையெழுத்துப் போடுவது நாகரிகமில்லை என்று முடிவாகியிருந்தது.

காசாளர் அம்மா வீட்டுக் குழாயைப் போன வாரம்தான் அவர் மாற்றிக் கொடுத்திருந்தார். "என்னண்ணே, கன்னம் இப்படி?" என்று அந்த அம்மா பதறினார். பிறகு கைபேசியை முகத்துக்கு நேரே பிடிக்கச் சொன்னார். செயலி சற்று யோசித்தது. ‘மன்னிக்கவும், நீங்கள் வேறொருவர்’ என்றது.

"இவர் எங்க அப்பாதான்," என்றாள் மகள்.

"எனக்குத் தெரியும் கண்ணு. அதுக்குத் தெரியலையே."

மேலாளர் வந்தார். அவரும் அக்கறையாக நலம் விசாரித்துவிட்டுக் கடமையைத் தொடங்கினார். வாடிக்கையாளரின் முகம் வங்கியின் பதிவுக்கு முரணாக இருப்பதை வங்கி வருத்தத்துடன் கவனிக்கிறது. வீக்கம் வடிந்தபின் வந்தால் பணம் உடனே வழங்கப்படும்.

"பல்லைப் பிடுங்கினாத்தான் சார் வீக்கம் வடியும்," என்றாள் மகள்.

"தாராளமாப் பிடுங்கிக்கட்டும்."

"அதுக்குத்தான் பணம்."

"அதான் வீக்கம் வடிஞ்சதும் வாங்கன்னு சொல்றேனே."

குழாய்க்காரர் ஏதோ சொன்னார். வாயைத் திறக்க முடியாததால் அது மரியாதையாகவே கேட்டது.

மகள் கைபேசியை வாங்கிக்கொண்டு வாசலுக்குப் போனாள். அட்டை அப்பாவின் முகத்துக்கு நேரே எட்டிப் பிடித்தாள். ‘வருக! நீங்கள் நீங்களேதான்’ என்றது செயலி.

காசாளர் அம்மா மகிழ்ச்சியோடு பணத்தை எண்ணிக் குழாய்க்காரரிடம் நீட்டினார். மேலாளர் தடுத்தார். உறுதிசெய்யப்பட்ட வாடிக்கையாளர் வாசலில் நிற்கும்போது, அவரைப் போலவே இல்லாத ஒருவரிடம் எப்படிக் கொடுப்பது? ஆகவே அந்த அம்மா எழுந்து வாசலுக்குப் போய், நோட்டுகளை அட்டையின் கட்டைவிரலில் செருகினார். நோட்டுகள் நிற்கவில்லை. தரையில் விழுந்தன. குழாய்க்காரர் குனிந்தார்.

"அடுத்தவர் பணம்," என்றார் மேலாளர். "இவர் எடுத்துக்கிறதுல அவருக்கு ஆட்சேபணை இருக்கான்னு கேளும்மா."

மகள் அட்டையை அண்ணாந்து பார்த்தாள். "ஒண்ணும் சொல்லல சார்."

"மௌனம் சம்மதம்," என்று மேலாளர் அனுமதி வழங்கினார்.

பல் போனது. வீக்கமும் வடிந்தது. ஆனால் பல் இருந்த பக்கம் கன்னம் ஒட்டிவிட்டது. செயலி மறுபடியும் கைவிரித்தது. பல் போனால் சொல் போச்சு என்பார்கள். இங்கே ஆளே போய்விட்டார். மேலாளர் இரக்கப்பட்டு, வாடிக்கையாளரை வீட்டுக்கு எடுத்துப்போகச் சொன்னார். மாதாமாதம் அவரோடு வந்தால் போதும்.

இதைப் பார்த்துத் தெருவில் ஆளாளுக்கு அட்டை செய்துகொண்டார்கள். அட்டை இல்லாத வீட்டைக் கொஞ்சம் இளக்காரமாகவே பார்த்தார்கள். வங்கி வரிசையில் அட்டைகள் நின்றன; மனிதர்கள் நிழலில் உட்கார்ந்து கதை பேசினார்கள். எல்லாருக்கும் வசதியாகத்தான் இருந்தது. மேலாளர் மீசையை எடுத்த மறுநாள் செயலி அவரையும் உள்ளே விடவில்லை. இப்போது அவர் நாற்காலியில் அவருடைய அட்டை இருக்கிறது. கிளையில் சேவை மேம்பட்டிருப்பதாகத் தலைமை அலுவலகம் பாராட்டியது.

பிறகு பள்ளியும் அதே செயலியை வாங்கியது. பெற்றோர் கூட்டத்தன்று, முகம் பொருந்தாத பெற்றோருக்குப் பிள்ளையின் தேர்ச்சி அறிக்கை தரப்படாது என்று செய்தி வந்தது. குழாய்க்காரர் அன்று வேலைக்குப் போகவில்லை. சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டார், தலையை வாரினார், கண்ணாடி முன் நின்று சிரித்துப் பார்த்தார்.

"போலாமா கண்ணு?"

மகள் அவரைப் பார்த்தாள். கதவோரம் சாய்ந்திருந்தவரையும் பார்த்தாள். பிறகு அட்டையைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்குப் போனாள்.