கர்னலைப் பற்றி நான் கேள்விப்பட்டது

ஆங்கிலத்தில் அறிமுகமாகும்போது சொல்கிற வாசகங்களை அப்படியே நம்பிவிடக் கூடாது. 'ஹவ் டூ யூ டூ' என்பது, 'சௌக்கியமா?' என்று நிஜமாகவே விசாரித்த காலத்தில் பிறந்ததாம். நாளடைவில் கேட்பவருக்குப் பதிலில் அக்கறை போய்விட்டது. இப்போது பதிலுக்கு அதே கேள்வியைத் திருப்பிக் கேட்டால் போதும். (நாமானால் மூட்டுவலியிலிருந்து ஆரம்பிப்போம்.) இதையெல்லாம் ஒரு பழைய புத்தகத்தில் படித்து, பெண் பார்க்கப் போவதற்காக நெட்டுருப் போட்டிருந்தேன்.

தொண்ணூறுகளின் கடைசி. கோயம்புத்தூரிலிருந்து புனேவுக்கு வந்து, விமான் நகரில் கம்ப்யூட்டர் வேலை. பெண் சுதாவின் வீடு, பட்டாளத்துக்காரர்கள் நிறைந்த கோர்படியில். அவள் அப்பா ஓய்வுபெற்ற கர்னல். தமிழர்தான், ஆனால் அந்த வீட்டில் நாய்கூட இங்கிலீஷில்தான் குரைக்கும் என்றான் அறைத்தோழன் முரளி. சுதாவின் போட்டோவைப் பார்த்த நாளிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. இந்தச் சம்பந்தம் தட்டிப்போனால் சந்நியாசம்தான் என்று தீர்மானித்திருந்தேன்.

கர்னல் கை நீட்டினார். "ஹவ் டூ யூ டூ?"

"ஹவ் டூ யூ டூ, சார்!"

அவர் புருவம் மெச்சுதலாக உயர்ந்தது. அதோடு வாயை மூடியிருக்கலாம். சனி யாரை விட்டது? அடுத்த பக்கத்து வாசகத்தையும் எடுத்துவிட்டேன்: "ஐ ஹாவ் ஹெர்ட் ஸோ மச் அபௌட் யூ, சார்."

"அப்படியா? என்னைப் பத்தி என்ன கேள்விப்பட்டீங்க?"

புத்தகத்தில் இதற்குப் பதில் போடவில்லை. பக்கத்திலிருந்த என் அப்பா மின்விசிறியை ஆராய ஆரம்பித்தார். நான் கேள்விப்பட்டதெல்லாம் முரளி சொன்ன இரண்டே விஷயங்கள்தான். நாயைப் பற்றிச் சொல்ல முடியாதே என்று மற்றதைச் சொல்லிவிட்டேன்.

"ஷூ பாலிஷ் சரியில்லைன்னு ரெண்டு மாப்பிள்ளைகளைத் திருப்பி அனுப்பிட்டீங்கன்னு… கேள்விப்பட்டேனுங்க."

"மூணு" என்றார் கர்னல்.

அவர் பார்வை மெல்ல என் காலுக்கு இறங்கியது. நம் வழக்கப்படி ஷூவை வாசலிலேயே கழற்றியிருந்தேன். வலது காலுறையின் ஓட்டை வழியாகக் கட்டைவிரல் அவரை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. (அது மட்டும்தான் அவருக்கு 'ஹவ் டூ யூ டூ' சொல்லவில்லை.) மடக்கிப் பார்த்தேன், இன்னும் கொஞ்சம் வெளியே வந்தது. காவி வேட்டி என்ன விலை இருக்கும் என்று யோசிக்கத் தொடங்கினேன்.

போஹா என்கிற அவல் உப்புமாத் தட்டோடு வந்த சுதா சிரித்துவிட்டாள். "அரே அப்பா, இவர் ஷூவே போடலை நா! அப்புறம் எப்படி ரிஜெக்ட் பண்ணுவீங்க?"

கர்னல் யோசித்தார். பட்டாளத்து நியாயப்படி அது செல்லுபடியாகிற வாதம் போலிருக்கிறது. தை மாதம் கல்யாணம் நடந்தது. மாப்பிள்ளைச் சீர்த் தட்டில் மோதிரத்துக்குப் பக்கத்தில் ஒரு டஜன் காலுறைகள் இருந்தன.

இன்றும் என் மாமனார் யாரிடம் என்னை அறிமுகப்படுத்தினாலும், "மை சன்-இன்-லா. இவரைப் பத்தி நிறையக் கேள்விப்பட்டிருப்பீங்களே?" என்பார்.

வந்தவர் கை குலுக்குவதற்கு முன் என் காலைப் பார்ப்பார்.